அக்கானிப் புரையில் ஒரு குப்பி

பங்குனி மாசத்தில் அக்கானிப் புரைக்குள் போய் நின்று பார்த்தவர்களுக்குத்தான் தெரியும், சூடு என்றால் என்னவென்று. மூன்று பக்கமும் ஓலை அடைத்த சாய்ப்பு. நடுவில் மண்ணடுப்பு. சில்லாட்டையும் பனைமட்டையும் சடசடவென்று எரிய, மேலே அகன்ற சட்டியில் அக்கானி கொதிக்கும். பனையிலிருந்து இறக்கும் பதனீருக்கு அந்தப் பக்கத்தில் அதுதான் பெயர். அங்கே கால் மணி நேரம் நின்றால் உடுத்த துணியைப் பிழிந்து காயப்போடலாம். விடிந்ததிலிருந்து உச்சி வரை அந்தப் புரைக்குள் நின்றும் வேர்க்காத மனுஷி சரல்விளையில் ஒருத்தி இருந்தாள். அவள் பனையேறி சுயம்புவின் பெண்சாதி தாணம்மாள்.

வேர்க்காதது மட்டுமில்லை, அடுப்பை விட்டு நாலடி தள்ளி நின்றால் அவளுக்குக் குளிரும். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொள்வாள். பக்கத்து விளைப் பெண்கள் சுள்ளி பொறுக்க வரும்போது, "எங்களுக்கெல்லாம் இது அடுப்பு, ஒனக்கு மட்டும் வெயில் காயுத எடமாட்டி?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். அவளும் கூடச் சிரித்துவைப்பாள். சிரித்தால் முகம் இன்னும் ஊதித் தெரியும் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமாகி வந்தபோது கம்பு போல இருந்தவள்தான். இருபத்து நாலு வயசுக்குள் கண்ணுக்குக் கீழே பை தொங்கி, முடி கொத்துக் கொத்தாகக் கொட்டி, குரலும் ஆம்பிளைக் குரல் மாதிரி கரகரத்துப் போயிருந்தது.

இதையெல்லாம் ஊர் ஒரு குறையாக எண்ணவில்லை. ஊர் எண்ணிய குறை வேறு. எட்டு வருசமாகியும் அவள் வயிற்றில் ஒன்றும் தங்கவில்லை. தாணம்மாளுக்கு வேறெதுவும் வேண்டாம், ஒரு பிள்ளை வேண்டும். குருடோ முடமோ, எனக்கு ஒன்று தா என்று கேட்கும் நிலைக்கு அவள் வந்திருந்தாள்.

அவளுடைய மாமியார் நாகம்மை இதற்குக் காரணம் கண்டுபிடித்து வைத்திருந்தாள். தாணம்மாளுக்கு வயிறு இளகாது. நாலு நாள், அஞ்சு நாள், சில சமயம் எட்டு நாள்கூட வெளிக்குப் போகமாட்டாள். வயிறு கல்லாட்டம் இருக்கும். கருப்பை இருப்பதும் அந்த வயிற்றில்தானே, கசடு நிறைந்த வயிற்றில் பிள்ளைக்கு எங்கே இடம் என்பது நாகம்மையின் நியாயம். அவளுக்குத் தெரிந்த வைத்தியரும் அதையே சொன்னார். அதனால் மாசத்தில் ஒரு சனிக்கிழமை பேதி மருந்து என்று வீட்டில் முறையாகிவிட்டது. ஆமணக்கெண்ணெய்க்குப் பஞ்சமில்லை. கொதிக்கிற அக்கானி பொங்கி வழியாமல் அடக்க ஆமணக்கு முத்தைத்தான் நசுக்கிப் போடுவார்கள், அது எப்போதும் புரையில் இருக்கும். எண்ணெய்க்கு இளகாவிட்டால் நிலாவாரைக் கஷாயம். அதற்கும் மசியாவிட்டால் நேர்வாளம்.

நாகம்மை கெட்டவள் இல்லை. பெற்ற ஏழில் ஆறைப் பறிகொடுத்துவிட்டு ஒற்றைப் பிள்ளையோடு நின்றவள் அவள். மருமகள் பேதியாகிச் சுருண்டு கிடந்தால் கஞ்சி காய்ச்சி வாயில் ஊற்றுவதும் அவள்தான். தினமும் காலையில் தாணம்மாள் பனைமூட்டுப் பக்கம் போய்வந்து கால் கழுவும்போது, முற்றத்தில் நின்றபடி ஒரே ஒரு வார்த்தை கேட்பாள்.

"போச்சா?"

"இல்ல மாமி."

எட்டு வருசம், மழையென்றும் வெயிலென்றும் இல்லாமல் இந்தக் கேள்வியும் இந்தப் பதிலும். ஒரு பெண்ணுக்கு இதைவிட அவமானம் என்ன இருக்கிறது என்று கேட்கத் தோன்றும். ஆனால் தாணம்மாளிடம் அக்கறையாகத் தினம் ஒரு வார்த்தை கேட்ட ஆள் உலகத்தில் அவள் ஒருத்திதான்.

இரண்டு வருசத்துக்கு முந்திய ஐப்பசியில் ஒன்று நடந்தது. மாசக் குளி நின்று போவது தாணம்மாளுக்குப் புதிதில்லை. இரண்டு மாசம் வராது, மூன்றாம் மாசம் வெள்ளமாகப் போகும். அந்த முறையும் மூன்று மாசம் குளிக்கவில்லை, வயிறும் ஒன்பது நாளாக அடைத்துக் கிடந்தது. அடைப்பு எடுத்தால் எல்லாம் சரியாகும் என்று நாகம்மை நேர்வாளத்தைச் சுத்தி செய்து அரைத்து உருண்டை கொடுத்தாள். வயிறு போனது. கூடவே அடிவயிற்றில் கத்தி வைத்துத் திருகுவது போல வலி வந்து, உச்சிப்பொழுதுக்குள் கட்டி கட்டியாக இரத்தமும் போனது. நாகம்மை துணியோடு சுருட்டி எடுத்துக்கொண்டு மேற்குப் பனைமூட்டில் போய்ப் புதைத்துவிட்டு வந்தாள். கெட்ட ரத்தம், போனது நல்லது என்றாள். தாணம்மாள் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் அந்தப் பனையின் அருகே சருகு பொறுக்கப் போவதை மட்டும் அவள் விட்டுவிட்டாள்.

கொல்லம் ஆண்டு ஆயிரத்து நூற்றெட்டில் நாகம்மையின் தம்பி தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலிருந்து வந்தான். அவன் கொழுந்தியாள் மகள் ஒருத்தி இருக்கிறாள், பதினேழு வயது, சுயம்புவுக்குக் கட்டிவைத்தால் முதல்காரியும் வீட்டில் ஒரு மூலையில் இருந்துகொள்ளட்டும் என்றான். சுயம்பு சரியென்றும் சொல்லவில்லை, முடியாதென்றும் சொல்லவில்லை. பனை பாளை விட்டு நிற்கிற நேரத்தில் பேசுகிற பேச்சா இது, கார்த்திகை பிறக்கட்டும் என்று பனையேறும் முருக்குத்தடியை எடுத்துக்கொண்டு எழுந்து போனான். பனை உச்சியிலிருந்து பார்த்தால் முட்டத்துக் கடற்கரை விளக்கு மாடம் தெரியும். அன்றைக்கு அவன் அதையே பார்த்துக்கொண்டு வெகுநேரம் மேலேயே இருந்துவிட்டான். தாணம்மாள் கீழே நின்று நிமிர்ந்து பார்த்துவிட்டுப் புரைக்குத் திரும்பினாள். கார்த்திகைக்கு எத்தனை மாசம் என்று எண்ணியபடியே அடுப்புக்குள் மட்டையைத் தள்ளினாள்.

கருப்பட்டி காய்ச்சுவதில் கடைசி ஐந்து நிமிஷம்தான் வேலை. அதுவரை சும்மா கொதித்துக்கொண்டிருந்த அக்கானி திடீரென்று பாகாகும். துடுப்பால் எடுத்துத் தண்ணீரில் விட்டால் உருளும். அந்த நொடியில் சட்டியை இறக்கிக் கிண்டி, மளமளவென்று தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்றிவிட வேண்டும். பிந்தினால் கரிந்துபோகும், முந்தினால் கட்டாது. தாணம்மாள் அந்த வருசம் நாலு சட்டி கரித்துவிட்டாள். சட்டியை இறக்கணும் என்று மனசு சொல்லி, கை கேட்பதற்குள் நேரம் போய்விடுகிறது. பங்குனிக் கடைசியில் ஒருநாள் பாகு தெறித்து இடது கையில் விழுந்தது. வேறு யாராக இருந்தாலும் துள்ளிக் குதித்திருப்பார்கள். அவள் கையைப் பார்த்தாள், ஓகோ, சுடுகிறதே என்று நினைத்தாள், அப்புறம்தான் உதறினாள். அதற்குள் தோல் பாகோடு சேர்ந்து வந்துவிட்டது.

மூன்றாம் நாள் கை பழுத்து வீங்கியதும் சுயம்பு வண்டி பிடித்து மேற்கே இருந்த மிஷன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனான். வெள்ளைக்கார டாக்டர் கையைக் கழுவிக் கட்டச் சொல்லிவிட்டு அடுத்த ஆளிடம் போனவர், அவள் பதில் சொன்ன குரலைக் கேட்டுத் திரும்பி வந்தார். முகத்தை இரண்டு கையாலும் பிடித்துப் பார்த்தார். கழுத்தைத் தடவினார். முட்டுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். கால் ஆற அமர எழும்பி, ஆற அமர இறங்கியது. பிறகு நர்சு நேசபாயைக் கூப்பிட்டு, அவள் மூலமாகக் கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டார். குளிருமா, முடி கொட்டுமா, எத்தனை நாளைக்கு ஒருமுறை வெளிக்குப் போவாள், எத்தனை மாசத்துக்கு ஒருமுறை குளிப்பாள். ஒரு வெள்ளைக்காரன் தன் வயிற்றைப் பற்றி இத்தனை விவரமாக விசாரிப்பான் என்று தாணம்மாள் கனவிலும் நினைக்கவில்லை. வெட்கத்தில் தலை குனிந்திருந்தாலும் ஒன்றையும் மறைக்காமல் சொல்லிவிட்டாள்.

நேசபாய்க்கு நாற்பது வயசிருக்கும். வெள்ளைச் சேலை, உச்சியில் இழுத்துக் கட்டிய முடி, சிரிக்காத முகம். சர்ச்சுக்காரியானாலும் அவளுடைய ஆட்களும் பனையேறிகள்தான். டாக்டர் சொன்னதை அவள் பனையேறிப் பேச்சாக மாற்றிச் சொன்னாள்.

"கழுத்துக்குள்ள சதையாட்டு ஒரு மணி உண்டும் கேட்டியா. உடம்புக்க அடுப்பை ஊதிவிடது அதுதான். ஒனக்கு அது தூங்கிப்போச்சு. அடுப்புல தீ இல்லேண்ணா சட்டியில என்ன நடக்கும்? ஒண்ணும் நடக்காது. சோறு கீழ எறங்காது, குளி ஒழுங்கா வராது, பிள்ளை நிக்காது. எல்லாம் ஒரே தீனம்."

"அப்பம் பேதிக்கு மருந்து தின்னா..."

"தீ எரியல்லேண்ணு சட்டியை கவுத்து ஊத்துவியா? வேண்டாம். நேர்வாளம் இனி கையால தொடப்பிடாது. கீரை தின்னு, மட்டிப்பழம் தின்னு, நெறய வெள்ளம் குடி. இந்தக் குளிகையை தெனம் காலத்த ஒண்ணு தின்னணும். ஆயுசுக்கும் தின்னணும். பிள்ளை உண்டாயிட்டுண்ணு விட்டிராத. அப்பந்தான் முக்கியம்."

கண்ணாடிக் குப்பியில் சாம்பல் நிறத்தில் சின்னச் சின்னக் குளிகைகள் கிடந்தன. தாணம்மாள் குப்பியை வாங்கி முந்தியில் முடிந்துகொண்டாள். நேசபாய் அவர்களை அனுப்பாமல் கொஞ்சம் தயங்கி நின்றாள். அவர்கள் நெற்றியில் இருந்த வெள்ளை நாமத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்.

"ஒண்ணு சொல்லாம விட எனக்கு மனசில்ல. இது செம்மறியாட்டுக்க கழுத்துக்குள்ள உள்ள அந்த மணியை ஒணக்கிப் பொடிச்சது. நீங்க கவிச்சி விட்டவங்களாட்டு இருந்தா, தெரிஞ்சே தின்னணும்."

சுயம்புவின் முகம் செத்துப்போனது. அவனுடைய அப்பா முத்துநாயகம் இருபது வயதில், அவர்கள் கும்பிடும் அய்யாவின் கோயிலான பதிக்குப் போய், இந்த வீட்டுக்குள் இனி மீனும் இறைச்சியும் நுழையாது என்று அய்யாவுக்கு வாக்குக் கொடுத்தவர். சுற்றிலும் கடலும் மீனுமாக இருக்கிற ஊரில் நாற்பது வருசம் அந்த வாக்கைக் காப்பாற்றிவிட்டுச் செத்தவர். வண்டியில் திரும்பி வரும்போது குப்பி தாணம்மாளின் மடியில் கிலுகிலுத்துக்கொண்டே வந்தது.

ஒளித்துவைத்துத் தின்றிருந்தால் ஒரு சங்கடமும் இல்லை. சுயம்புவுக்கு ஒளிக்கத் தெரியாது. வீட்டு நடையில் கால் வைப்பதற்கு முன்னாலேயே அம்மாவிடம் சொல்லிவிட்டான். நாகம்மை கத்தவில்லை. நடையில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள்.

"அவருக்க வாக்கு இந்த வாசல்ல கெடக்கு. ஆட்டுக்க கழுத்தை கொண்டு உள்ள போறதுண்ணா என்னைத் தாண்டிட்டுப் போ."

சுயம்பு, அய்யாவைக் கும்பிடும் ஊர் நிழல்தாங்கலில் பணிவிடை செய்கிற தாணுமாலயனிடம் போய்க் கேட்டான். அவர் நல்ல மனுஷர். நாவு ருசிக்குத் தின்பது வேறு, தீனத்துக்கு மருந்தாகத் தின்பது வேறு, தாணம்மாள் தின்பதில் தனக்கு ஒரு தப்பும் தெரியவில்லை என்றார். ஆனால் வீட்டுக்குள் நுழையாது என்று உன் அப்பா கொடுத்த வாக்கை அவிழ்க்க எனக்கு அதிகாரமில்லை, அது உங்கள் வீட்டுக் காரியம் என்றும் சொல்லிவிட்டார். இந்த இரண்டு பேச்சையும் சேர்த்துவைத்து சுயம்பு ஒரு வழி கண்டான். குப்பி அக்கானிப் புரையிலேயே, கூரைக் கம்பில் கட்டித் தொங்கும். தாணம்மாள் விடியக்காலம் அங்கே போய்க் குளிகையைத் தின்று, வாய் கொப்பளித்து, தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு வீட்டுக்குள் வருவாள்.

நாகம்மை அன்றிலிருந்து மருமகளிடம் பேசுவதையே விட்டுவிட்டாள். அவள் பொங்கிய சோற்றைத் தொடாமல் தனக்கென்று ஒரு சின்னப் பானை வைத்துப் பொங்கிக்கொண்டாள். காலையில் தாணம்மாள் கால் கழுவும்போது முற்றத்தில்தான் நிற்பாள், ஆனால் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொள்வாள். போச்சா என்ற அந்தக் கேள்வி நின்றுபோனது. எத்தனையோ நாள் அந்தக் கேள்வி கேட்காமல் இருந்தால் போதுமென்று ஏங்கியவள் தாணம்மாள். அது நின்றதும் வீடே ஊமையாகிவிட்ட மாதிரி இருந்தது அவளுக்கு.

முதல் மாசம் ஒன்றும் தெரியவில்லை. இரண்டாம் மாசம், வைகாசி கடைசியில், சட்டி முன்னால் நிற்கும்போது மேலுதட்டில் ஏதோ ஊர்ந்தது. ஈ என்று நினைத்துத் துடைத்தாள். கை நனைந்தது. நெற்றியைத் தடவினாள், அங்கேயும் ஈரம். அவள் துடுப்பைக் கீழே வைத்துவிட்டு, வேர்த்த கையைக் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டே நின்றாள். ஆனியில் குரல் தெளிந்தது. பாகு உருளும் நொடிக்கு மனசும் கையும் ஒன்றாகப் போயின. ஆடிக்குள் ஒரு சட்டிகூடக் கரியவில்லை. இன்னொரு காரியமும் நடந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. ஒருநாள் காலையில் எண்ணெயும் கஷாயமும் இல்லாமல், முக்கி முனகி நெஞ்சு அடைக்காமல், அவளுக்குத் தானாக வெளிக்குப் போனது. அவள் பனைமூட்டில் உட்கார்ந்து அழுதாள். இதற்குப் போய் யாராவது அழுவார்களா என்று கேட்பவர்களுக்கு எட்டு வருசம் வயிற்றில் கல்லைச் சுமந்தவளின் பாடு தெரியாது. அதற்குப் பிறகு தினமும் போயிற்று. சொல்லலாம் என்றால் கேட்க ஆளில்லை.

பனைச் சீசன் முடிந்தது. அடுப்பு அணைந்து புரை காலியாகக் கிடந்தது. ஆனியிலும் ஆடியிலும் ஒழுங்காகக் குளித்த தாணம்மாள் ஆவணியில் குளிக்கவில்லை. புரட்டாசியிலும் இல்லை. குளிக்கும் நாளில் மூன்று நாள் புரையில் ஒதுங்கிப் படுப்பது வழக்கமாகையால், படுக்காததும் வீட்டுக்குத் தெரியும். சுயம்பு கேட்க வாயெடுத்து, பயந்து, கேட்காமலே விட்டான். பிள்ளை உண்டானால் குளிகையை விடாதே என்று நேசபாய் சொன்னது தாணம்மாளுக்கு நினைவில் இருந்தது. ஆனால் மனசு ஆசைப்பட்டு ஆசைப்பட்டு அடிவாங்கியிருந்தது. பழைய தீனம்தான் திரும்பி வருகிறதோ என்று இரவும் பகலும் வயிற்றைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். ஐப்பசி பிறந்து அடைமழை பிடித்தது. கார்த்திகை பத்தாம் தேதி வருவதாக நாகம்மையின் தம்பி ஆள்மூலம் சொல்லியனுப்பியிருந்தான்.

ஐப்பசிக் கடைசியில் ஒரு காலை, மழைக்கு முதுகு காட்டி அடுப்படியில் உட்கார்ந்து தாணம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். நாகம்மை உள்ளே வந்தாள். கையில் சின்னக் கிண்ணம். அரைத்த நேர்வாளத்தின் வாடை தாணம்மாளுக்கு எட்டு முழத்துக்கு அப்பாலேயே தெரியும். ஏழு மாசத்துக்குப் பிறகு மாமியார் பேசினாள்.

"மூணு மாசமாச்சு நீ குளிச்சு. பழயபடி அடச்சுப்போச்சு. தம்பி வரதுக்கு இன்னும் பதினஞ்சு நாளு கெடக்கு. எனக்க கையால கடைசியாட்டு இதைத் தின்னுட்டு, சுத்தமாயிட்டு இரு. ஒருவேள பெறவு நின்னாலும் நிக்கும். வாற பெண்ணு ஒண்ணும் எனக்கு வேண்டாம் மக்ளே. நீதான் வேணும்."

நாகம்மை கிண்ணத்தை நீட்டினாள். தாணம்மாளுக்குக் கோபம் வரவில்லை. எட்டு வருசமும் இந்தக் கிண்ணத்தை நீட்டியபோதெல்லாம் மறுபேச்சில்லாமல் வாங்கிக் குடித்தவள் அவள். அன்றைக்கு இரண்டு கையாலும் கீரையைப் பற்றிக்கொண்டாள்.

"வேண்டாம் மாமி. எனக்கு அடைக்கல்ல."

"என்னது?"

"இண்ணைக்கும் வெளிக்குப் போச்சு. நேத்தும் போச்சு. ஆனியில இருந்து தெனமும் போவுது. தானா. நீங்க கேக்கல்ல, நானும் சொல்லல்ல."

நாகம்மையின் கணக்கில் எட்டு வருசமாக அந்த இரண்டு காரியமும் ஒன்றாகத்தான் வந்திருந்தன. குளி நின்றால் வயிறு அடைத்திருக்கும், வயிறு அடைத்தால் குளி நிற்கும். வயிறு இளகியிருக்க, குளி மட்டும் நின்றால் அதற்கு என்ன பொருள் என்பது ஏழு பெற்றவளுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கிட்டே வந்து குனிந்து மருமகளின் முகத்தைப் பார்த்தாள். ஏழு மாசமாகப் பார்க்காமல் திருப்பிக்கொண்ட முகம் அது. வீக்கம் வடிந்து, கன்னம் தெரிந்து, மழைக் குளிரிலும் அடுப்படிச் சூட்டுக்கு நெற்றியில் பொடிப்பொடியாக வேர்த்திருந்தது. நாகம்மை கையை நீட்டி அந்த வேர்வையைத் தொட்டாள்.

பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"அண்ணைக்கு போனது கெட்ட ரத்தமில்ல மக்ளே. பிள்ளைதான். துணியை சுருட்டும்பம் நான் பாத்தேன். எனக்க கையால கரைச்சிட்டு, எனக்க கையாலயே குழிச்சும் மூடினேன். ஒனக்கிட்ட சொல்ல பயந்து, ரெண்டு வருசமா அதை நெஞ்சில வச்சிட்டு நடக்கேன்."

வெளியே ஓலையில் மழை இரைந்தது. தாணம்மாளும் இரண்டு வருசமாக அறிந்ததுதான். அறிந்ததை இன்னொரு வாயால் கேட்கும்போதுதான் அது நடந்த காரியமாகிறது. அவள் அழுதாள், வாய்விட்டு அழுதாள். நாகம்மையைத் தள்ளவுமில்லை, கட்டிக்கொள்ளவுமில்லை. அழுது முடித்து முந்தானையால் முகத்தைத் துடைத்தபோது எதிரே கிழவி தலையைத் தூக்காமல் அப்படியே இருந்தாள்.

"எனக்குத் தெரியும் மாமி," என்றாள் தாணம்மாள்.

நாகம்மை எழுந்தாள். வாசலில் நின்று, கூரைத் தண்ணீர் ஊற்றாக விழும் இடத்தில் கிண்ணத்தைக் கவிழ்த்தாள். சாம்பலைப் போட்டு அதை மூன்று தடவை கழுவினாள். "இண்ணைக்கு குளிகை தின்னியா?" என்று கேட்டாள். மழை கொஞ்சம் விடட்டும் என்று இருந்தேன் என்றாள் தாணம்மாள். புரைக் கூரை ஒழுகுது, குப்பிக்குள் வெள்ளம் இறங்காதா என்று முணுமுணுத்துக்கொண்டே நாகம்மை தலையில் ஒரு ஓலைக் கடகத்தைக் கவிழ்த்துக்கொண்டு மழைக்குள் இறங்கிப் போனாள்.

திரும்பி வந்தவள் நடையில் நின்றாள். சேலை நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது, ஆனால் முந்தானையில் பொதிந்த குப்பி நனையவில்லை. பங்குனியில் குறுக்கே உட்கார்ந்த அதே நடை. அவள் ஒரு நிமிஷம் அந்தப் படியைப் பார்த்தாள். பிறகு வலது காலை எடுத்து உள்ளே வைத்து, நேரே மரப்பெட்டியிடம் போய்த் திறந்தாள். அதற்குள் முத்துநாயகத்தின் வெள்ளைத் தலைப்பாகை மடித்து வைத்திருந்தது. குப்பியை அந்தத் துணியின் மேல் வைத்தாள்.

"கோவப்படாதியும்," என்றாள், பெட்டிக்குள் குனிந்து. "உமக்க வாக்கை நான்தான் முறிச்சேன், அவ இல்ல. கேக்கதுக்கு உண்டுமானா அங்க வந்தப்பெறவு எனக்கிட்ட கேளும். அதுவரைக்கும் இதுக்கு நீரே காவல் இரும்."

ஒரு குளிகையை எடுத்து, செம்பில் வெள்ளமும் கொண்டுவந்து மருமகளின் கையில் கொடுத்தாள். விழுங்குகிற வரை நின்று பார்த்தாள். அன்று மத்தியானம் தன் சின்னப் பானையை அவள் அடுப்பில் வைக்கவில்லை. தாணம்மாள் பொங்கிய சோற்றையும் முருங்கைக்கீரையையும் போட்டு உண்டாள்.

மறுநாள் காலையும் மழைதான். தாணம்மாள் பனைமூட்டுப் பக்கம் போய்விட்டு, தலையில் ஓலையைப் பிடித்தபடி வந்து முற்றத்து மூலையில் கால் கழுவினாள். நாகம்மை வாசலில் நின்றிருந்தாள்.

"போச்சா மக்ளே?"

"போச்சு மாமி."